இளம் ஆசிரியருக்குக் குயின்றிலியன் கூறுவது

உரோமாபுரியில் இருபது ஆண்டுகள் இளைஞருக்குக் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அவருடைய நண்பர்கள் சென்று, பேச்சுக்கலையைப் பற்றி ஒரு நூல் எழுதித் தருமாறு வேண்டினர். அவர் நெடுநாள் மறுத்தார். கிரேக்க மொழியிலும் இலத்தீன் மொழியிலும் பேரறிஞர் பலர் இப்பொருளை முன்னரே எழுதி வைத்திருக்கின்றனர். இனித் தாம் எழுத என்ன இருக்கிறது என்பது அவர் கூறிய காரணம். நண்பர்கள் விடவில்லை. முன்னோர் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது எனத் தீர்ப்புரைக்கவேனும் அனுபவம் வாய்ந்த ஒருவர் வேண்டும் என்றனர். இதற்கிடையில் வேறொரு தொல்லையும் நேர்ந்தது. வகுப்பில் அவர் கூறியவற்றை மாணாக்கர் சிலர் குறிப்பெடுத்து, அவருடைய அனுமதியின்றியே இரண்டு நூல்களாக உலவ விட்டிருந்தனர். அதனைக் குறித்து அவர் சினங்கொள்ளவில்லை. நல்ல பிள்ளைகள்தாம்; தம்மீது அளவு கடந்த அன்பு வைத்துவிட்டனர் என்றே எழுதுகிறார். மாணாக்கரின் குறையைச் சொல்லும்போதே அதற்குள் அன்பைக் காணும் இந்த இயல்பை, அந்நூலைப் படிக்கப் புகும் இளம் ஆசிரியர் முதலிலேயே கண்டுகொள்வது நன்று.

அந்த ஆசிரியர் குயின்றிலியன். இன்று இசுப்பானியா எனப்படும் நாட்டிலுள்ள கலகூரிசு என்னும் ஊரில் கி.பி. 35ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். உரோமாபுரியிற் கல்வி கற்றுத் தாய்நாடு திரும்பிய அவர், கி.பி. 68இல் கால்பா பேரரசராகத் தலைநகருக்குச் சென்றபோது உடன் சென்றார். பின்னர் அரியணை ஏறிய வெசுப்பாசியன், பேச்சுக்கலை ஆசிரியருக்கு அரச பண்டாரத்திலிருந்து ஆண்டொன்றுக்கு 100,000 செசுத்தேர் நாணயம் வழங்க ஏற்பாடு செய்தார். அத்தகைய சம்பளத்தை முதன்முதலிற் பெற்றவர் குயின்றிலியன் என்பர். எனவே, மாத முடிவில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் எவரும் அவரைத் தம் மூத்தோருள் ஒருவராக எண்ணிக்கொள்ள உரிமையுண்டு. கடிதங்களாற் புகழ்பெற்ற இளைய பிளினி அவருடைய மாணாக்கர். ஓய்வு பெற்ற பின்பு தொமீசியன் பேரரசர் தம் சகோதரியின் பேரப்பிள்ளைகள் இருவரைக் கற்பிக்குமாறு அவரிடம் ஒப்படைத்தார். நண்பர்கள் கேட்ட நூல், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலான உழைப்பில், பன்னிரண்டு பாகங்களாகக் கி.பி. 95ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. பேச்சாளனின் கல்வி என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

அந்நூலில் பெரும்பகுதி நீதிமன்றத்திலே வழக்குரைப்பது எவ்வாறு, வாதங்களை அடுக்குவது எவ்வாறு, குரலையும் கையையும் ஆள்வது எவ்வாறு என்னும் செய்திகளைக் கூறுவது. அவை இன்று பாடசாலை ஆசிரியருக்குப் பெரிதும் உதவா. அவருடைய மாணாக்கரும் பெரும்பாலும் செல்வர் வீட்டு ஆண்பிள்ளைகளே. பாடசாலைக்குப் போகும் வழியில் புத்தகம் சுமக்க அடிமையாள் கூடவரும் பிள்ளைகளுக்கும், இரண்டு மைல் நடந்து வந்து காலை உணவின்றி வாங்கில் அமரும் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. இதனை ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் நூலின் முதலிரு பாகங்களில் வேறொரு குயின்றிலியன் இருக்கிறார். பேச்சாளனை உருவாக்க விரும்புவோன் அவனுடைய தொட்டிலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதி, அவர் குழந்தையின் முதற் சொல்லிலிருந்து, முதல் எழுத்திலிருந்து, முதல் அழுகையிலிருந்து பேசுகிறார். பிற ஆசிரியர்கள் இச்சிறு செய்திகளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். கோபுரத்தின் உச்சியை மட்டும் எல்லோரும் காண்கிறார்கள், மண்ணுக்குள் மறைந்துள்ள அத்திவாரத்தை எவரும் காண்பதில்லை என்பது அவருடைய குறைபாடு. பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறி, முதல் நியமனத்தில் கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றின் கீழ்வகுப்பில் வெண்கட்டியோடு நிற்கும் இளைஞருக்கு அவ்விரு பாகங்களும் போதும்.

அங்கே இரண்டு உவமைகள் வருகின்றன. ஒன்று, வாய் குறுகிய பாத்திரம். வெள்ளமாக ஊற்றினால் அது நீரை ஏற்காது வெளியே தள்ளிவிடும். சிறிது சிறிதாக, துளித்துளியாக விட்டால் நிரம்பும். பிள்ளையின் மனம் எவ்வளவு கொள்ளும் என்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, நடை. நன்றாக நடக்க வல்ல ஒருவர் சிறு பிள்ளையோடு வழி நடக்க நேர்ந்தால் என்ன செய்வார்? கையைக் கொடுப்பார், தம் அடியைக் குறுக்கிக்கொள்வார், துணைவரும் பிள்ளையால் இயலுமளவுக்கு மேல் முன்னே போகமாட்டார். கற்றறிந்த ஆசிரியர் கீழே இறங்கிக் கற்பிக்க மாட்டார் என்று சிலர் கூறியதற்கு விடையாகவே குயின்றிலியன் இதனைச் சொல்கிறார். இறங்க இயலாதவரை அவர் ஆசிரியராகவே மதிக்கவில்லை. அடியைக் குறுக்க முடியாமை கல்வி மிகுதியின் அடையாளமன்று. கற்பிக்கும் திறன் குறைந்தமையின் அடையாளம்.

புதிய ஆசிரியரிடம் காணப்படும் முதற்குறை பெரும்பாலும் இதுவே. சோம்பல் அன்று, அறியாமையும் அன்று, மிகுந்த ஊக்கம். வேற்றுமையைக் கற்பிக்கப் புகுகிறார். எட்டு வேற்றுமையையும், அவற்றின் உருபுகளையும், பொருள்களையும் ஒரே பாடவேளையில் கரும்பலகை நிறைய எழுதிவிடுகிறார். எழுத்து அழகாக இருக்கிறது; பாடக்குறிப்பும் குறைவின்றி இருக்கிறது. பிள்ளைகள் ஓசையின்றிக் கொப்பியில் பார்த்தெழுதுகிறார்கள். மணி அடிக்கிறது. ஆசிரியர் மனநிறைவோடு வெளியேறுகிறார். மறுநாட் காலையில் இரண்டாம் வேற்றுமை உருபு யாதென்று கேட்டால், வகுப்பு தரையைப் பார்க்கிறது. ஊற்றிய நீர் முழுவதும் பாத்திரத்தின் வெளிப்புறத்தே ஓடிவிட்டது. அதே பாடவேளையில், ‘தம்பி கண்டான்’, ‘தம்பியைக் கண்டான்’ என்னும் இரண்டு தொடர்களை மட்டும் எழுதி, கண்டவன் யார், காணப்பட்டவன் யார் என்று பிள்ளைகளையே சண்டையிட்டு முடிவு செய்ய விட்டிருந்தால், அந்த ஒரே ஓர் ‘ஐ’ அவர்களுடைய வாழ்நாள் முழுவதும் மறந்திராது.

குடத்தை உவமையாக்கியவர் தமிழிலும் உளர். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்காய் பெய்த குடத்தையும், பஞ்சு அடைத்த குண்டிகையையும், மடல் நிறைந்த பனையையும், வளைந்த தென்னையையும் உவமை கூறுகிறார். கழற்காய்களை ஓர் ஒழுங்கில் இட்டாலும் அவை அவ்வொழுங்கில் வெளிவருவதில்லை. கற்ற முறையிற் கற்பிக்க அறியாதவர் அத்தகையவர். நன்னூலில் குடம் ஆசிரியர்; உரோமாபுரியாரின் நூலில் பாத்திரம் மாணாக்கர். கழற்குடமும் குறுகிய வாயும் ஒரே வகுப்பறையில் எதிர்ப்படும்போது நிகழ்வதையே பல பரீட்சைப் பெறுபேறுகள் பதிந்து வைத்திருக்கின்றன.

எழுத்தறிவித்தலைப் பற்றிக் குயின்றிலியன் கூறுவன நுட்பமானவை. எழுத்துகளின் உருவத்தைக் காட்டுவதற்கு முன்னரே அவற்றின் பெயரையும் வரிசையையும் ஒப்புவிக்கச் செய்வது அவருக்கு உடன்பாடன்று. வாய் முன்னே ஓடுகிறது. கண் எழுத்தின்மேல் நிற்பதில்லை. வரிசை மாற்றி ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் பிள்ளை விழிக்கிறது. ‘அ’ முதல் ‘ஔ’ வரை ஒரே மூச்சில் இசையோடு சொல்லிவிட்டு, புத்தகத்தின் நடுவிலே ‘ஊ’ எது என்று கேட்டால் விரல் வைக்கத் தெரியாது நிற்கும் பிள்ளையை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் எவர்? ஆகவே, உருவத்தையும் பெயரையும் ஒருங்கே கற்பிக்க வேண்டுமென்கிறார். விளையாடுவதற்கு யானைத் தந்தத்தால் எழுத்துகள் செய்து கொடுக்கலாம். கையால் எடுத்து, பார்த்து, பெயர் சொல்லும்போது பிள்ளை மகிழும். எழுதப் பழக்கும்போது பலகையில் எழுத்துகளை ஆழமாக வெட்டிவைத்து, எழுத்தாணி அந்தப் பள்ளத்தின் வழியே ஓடும்படி செய்யலாம். இருமருங்கும் உள்ள விளிம்பு கை பிசகாமற் காக்கும். தந்தம் செல்வர்க்கு உரியது. புளியங்கொட்டையும், ஈர மணலும், கடதாசி மட்டையில் வெட்டிய எழுத்தும் எந்தப் பாடசாலைக்கும் எட்டாதவை அல்ல.

வாசிப்பிலே விரைவு கூடாதென்பதை அவர் வற்புறுத்துகிறார். எழுத்து ஐயமின்றிச் சேர்ந்த பின்பே சொல். சொல் தடையின்றி வந்த பின்பே தொடர். முந்தி ஓடத் தூண்டப்பட்ட பிள்ளை தடுக்குகிறது, நிற்கிறது, மீண்டும் தொடங்குகிறது. அதனால் தனக்குத் தெரிந்ததிலும் நம்பிக்கை இழந்துவிடுகிறது. இறுதியில் விரைவே தாமதமாய் முடிகிறது என்பது அவருடைய கணக்கு.

இவ்விடத்திலே அவர் குறிப்பிடும் பழங்கதை ஒன்றைப் பாடசாலைத் தலைவர்களும் கேட்க வேண்டும். தீமோத்தேயு என்னும் புகழ்பெற்ற குழலூதி, முன்னர் வேறொருவரிடம் பயின்று வந்த மாணாக்கரிடம், ஒன்றும் அறியாது வந்தவரிடம் வாங்குவதைப் போல இருமடங்கு கட்டணம் வாங்குவாராம். பிழையாகக் கற்றதை நீக்குவது ஒரு வேலை, சரியாகக் கற்பிப்பது இன்னொரு வேலை. எனவே இரண்டு கூலி. தொடக்க வகுப்புக்குச் சிறிய ஆசிரியர் போதும், பெரிய ஆசிரியரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் பெற்றோரை மறுக்கவே குயின்றிலியன் இதனை எடுத்துக் காட்டினார். அந்த எண்ணம் இன்னும் மறையவில்லை. பரீட்சை எழுதும் வகுப்புகளுக்கு மிகத் திறமை வாய்ந்தவர்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவரை முதலாம் ஆண்டுக்கு அனுப்பும் நேரசூசிகைகள் இன்றும் எழுதப்படுகின்றன. கீழ்வகுப்புக்கு அனுப்பப்பட்ட இளம் ஆசிரியர் தம்மை ஒதுக்கிவிட்டனர் என்று மனம் வாடுவதும் உண்டு. பாடசாலையிலே மிகக் கடினமான வேலை தம் கையில் விழுந்திருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்பவர் சிலரே.

இனி, திருத்துதல். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவது பற்றி அவர் எழுதியிருப்பது, சிவப்பு மையை எடுக்குமுன் ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கத்தக்கது. இளம் பருவத்தில் எழுத்து பெருகி வழியட்டும். துணிந்து புதியன புனையட்டும். அளவு மீறினாலும் தாழ்வில்லை. மிகுதியைப் பின்னர்க் கழிக்கலாம், வறட்சிக்கு மருந்தில்லை. முந்திரிகைக் கொடியை வளர்ப்போர் தளிர்ப் பருவத்திலே கத்தி வைப்பதில்லை; காயம் பொறுக்க அதற்கு வலுவில்லை. ஓயாது குறை கண்டால் பிள்ளைகள் நம்பிக்கை இழந்து, வருந்தி, முடிவிற் கல்வியையே வெறுப்பார்கள். எதை எழுதினாலும் பிழையாகுமோ என்று அஞ்சி ஒன்றும் எழுதாதிருப்பார்கள். இதுவே எல்லாவற்றிலும் பெருங்கேடு என்கிறார். அவர் தாமே கையாண்ட முறையையும் சொல்கிறார். அளவு கடந்து எழுதிய பிள்ளையிடம், இப்போதைக்கு இது நன்று. இதனை அனுமதிக்காத காலமும் வரும் என்பாராம். பிள்ளைக்குத் தன் திறனில் மகிழ்ச்சி; ஆனால் தன் மதிப்பீட்டில் ஏமாற்றமில்லை.

மழையைப் பற்றி எழுதச் சொன்னபோது, மழை வந்ததும் எங்கள் வீட்டுக் கிணறு சிரித்தது என்று ஒரு சிறுமி எழுதுகிறாள் எனக் கொள்வோம். ‘சிரித்தது’ என்பதில் றகரமோ ரகரமோ பிழைபட்டிருக்கலாம். அவ்வெழுத்தைத் திருத்துவது ஆசிரியர் கடமை. அதனோடு நில்லாமல், கிணறு சிரிக்காது என்று ஓரத்தில் எழுதிவிட்டால், அடுத்த கிழமை அவள் கொப்பியில் மழை பயிர்களுக்கு நன்மை பயக்கும் என்ற ஒரு தொடர் இருக்கும். எழுத்துப்பிழை ஒன்றும் இராது. திருத்தவும் ஒன்றும் இராது.

தண்டனையைப் பற்றிய பகுதியை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் குயின்றிலியன் வாழ்ந்த காலத்தில் பிள்ளைகளை அடிப்பது பொதுவழக்கம். அடியாத பாடசாலையைக் காண்பதரிது. அதனை மறுத்து ஓர் ஆசிரியர் வெளிப்படையாக எழுதினார் என்பது பெரிது. அவர் காட்டும் காரணங்களும் வெறும் இரக்கத்தின்பாற்பட்டவை அல்ல. அடிப்பது இழிவானது, சுதந்திரப் பிறவிக்குச் செய்யத்தகாத அவமதிப்பு, வயது சற்று மாறியிருந்தால் அதே செயலை எவரும் அவமதிப்பென்றே ஒப்புக்கொள்வர் என்பது முதலாவது. சொல்லால் திருந்தாத கீழ்மை உடையவனாயின் அடியும் அவனுக்குப் பழகிப் போகும் என்பது இரண்டாவது. அருகில் இருந்து ஊக்கத்தோடு மேற்பார்வை செய்பவர் இருந்தால் அடிக்கத் தேவையே வராது என்பது மூன்றாவது. இம்மூன்றாவதே ஆசிரியர் நெஞ்சிற் தைப்பது. பெரியவர்கள் தம் கவனக்குறைவுக்குப் பிள்ளைகளைத் தண்டிக்கிறார்கள். சரியானதைச் செய்விக்க முயலாமல், செய்யாததற்கு அடிக்கிறார்கள் என்று அவர் குற்றஞ்சாட்டுகிறார். சிறு பிள்ளையை அடித்துப் பணிய வைத்துவிட்டால், பிரம்பால் அச்சுறுத்த முடியாத வயதை அடைந்து இதனினும் கடினமான பாடங்களைக் கற்க வேண்டிய இளைஞனை என்ன செய்வீர் என்று கேட்கிறார்.

அதற்கு மேலும் ஒன்று சொல்கிறார். அடிபடும் பிள்ளைக்கு வலியாலும் அச்சத்தாலும் நேர்பவை பல, பிற்பாடு சொல்லக் கூசுபவை. அந்த நாணம் உள்ளத்தை முறித்துவிடுகிறது. வெளிச்சத்துக்கு வரவே மனம் கூசுகிறது. அடிக்கும் உரிமை தகாதவர் கையிற் சிக்கினால் எத்தகைய இழிசெயல்களுக்கு இடமாகும் என்பதையும் குறிப்பாற் சுட்டிவிட்டு, இதற்குமேற் பேச விரும்பவில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். விரித்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட பேச்சுக்கலை ஆசிரியர் அந்த ஓரிடத்தில் வாய் மூடுகிறார்.

பிரம்பைப் பயன்படுத்தலாகாதென இலங்கைக் கல்வியமைச்சும் சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. எனினும் சுற்றறிக்கை அலுவலகச் சுவரில் தொங்குவது வேறு, நாற்பது பிள்ளைகள் ஒருங்கே இரையும் பிற்பகல் வேளையிலே கை தானாக உயராதிருப்பது வேறு. அந்த வேளையில் இளம் ஆசிரியருக்கு உதவக்கூடியது குயின்றிலியனின் மூன்றாவது காரணமே. பின்வாங்கில் ஓசை எழுகிறதென்றால், பெரும்பாலும் அங்கே வேலை முடிந்துவிட்டது, அல்லது அங்கே வேலை விளங்கவில்லை. இரண்டும் பிள்ளையின் குற்றமல்ல. கரும்பலகையடியை விட்டுப் பின்வாங்குவரை நடந்து சென்று கொப்பியைப் பார்ப்பவருக்குப் பிரம்பு நினைவுக்கு வருவதில்லை.

ஆசிரியர் வகுப்பில் எவ்வாறு ஒழுக வேண்டுமென்பதை அவர் இரண்டாம் பாகத்திற் கூறுகிறார். தம்மிடம் பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோரின் இடத்தில் தாம் நிற்பதாக ஆசிரியர் எண்ண வேண்டும். கண்டிப்பு இருக்கலாம், கடுகடுப்பு ஆகாது. இன்முகம் இருக்கலாம், அது கட்டவிழ்ந்துவிடலாகாது. முன்னது வெறுப்பையும் பின்னது இளக்காரத்தையும் விளைக்கும். கேட்பவருக்கு விருப்போடு விடை கூற வேண்டும். கேளாதவரைத் தாமே கேட்க வேண்டும். புகழ்வதிற் கஞ்சத்தனமும் வேண்டாம், வாரி இறைத்தலும் வேண்டாம். முன்னது உழைப்பில் வெறுப்பையும் பின்னது போலி அமைதியையும் உண்டாக்கும். திருத்தும்போது சுடுசொல்லும் ஏளனமும் வேண்டாம். பகைவரைத் திட்டுவது போலத் திட்டும் ஆசிரியராற் கல்வியை விட்டு ஓடியவர் பலர் என்கிறார்.

இவற்றுள் கேளாதவரைத் தாமே கேட்டல் என்பது மிகச் சிறிய தொடர். பின்பற்றுவது மிக அரிது. எல்லா வகுப்பிலும் கை உயர்த்தும் பிள்ளைகள் ஐவரோ அறுவரோ இருப்பர். புதிய ஆசிரியருக்கு அவர்கள் பெருந்துணை. அவர்கள் விடை கூறும்போது பாடம் முன்னேறுவது போன்ற தோற்றம் உண்டாகிறது. மேற்பார்வைக்குப் பணிப்பாளர் வரும் நாளிலோ அவர்களே பாடத்தை நடத்திக் கொடுத்துவிடுவர். எஞ்சிய முப்பத்தைந்து பேர் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். ஆசிரியர் கண்ணில் படாதிருத்தல். ஓராண்டு அவ்வாறிருந்து பழகிய பிள்ளை, பத்தாண்டும் அவ்வாறே இருந்துவிட்டுப் பாடசாலையை விட்டுச் செல்வதும் உண்டு. அதன் பெயர் இடாப்பில் நாள்தோறும் அழைக்கப்பட்டிருக்கும்.

குயின்றிலியன் கூறுவன அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. போட்டியில் அவருக்கிருந்த பெருவிருப்பம் அத்தகையது. அவருடைய ஆசிரியர்கள் மாணாக்கரைத் திறமைப்படி வரிசையாக்கி, அவ்வரிசையிலேயே பேசச் செய்வார்களாம். முப்பது நாளுக்கொருமுறை மீண்டும் போட்டி. முன்னேறியவன் முன்னே, பின்தங்கியவன் பின்னே. வகுப்பில் முதலிடம் பெறுவது பெரும் பேறு. ஆசிரியரின் அறிவுரையும் பெற்றோரின் ஆசையும் தராத ஊக்கத்தை அது தந்தது என்று அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். முன்வரிசையில் இருந்தோர் இவ்வாறு நினைவுகூர்வது இயல்பு. மாதந்தோறும் கடைசி இடத்தில் இருந்த பிள்ளை என்ன நினைவுகூர்ந்தது என்பதற்கு அந்நூலில் இடமில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வந்த நாளில் பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்களைக் கண்ட ஆசிரியர்களுக்கு அவ்விடையை எவரும் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தி பொன்னானது. கொடி மரத்தின் கீழ்க்கிளையைப் பற்றிக்கொண்டே மேலேறுகிறது. அதுபோலச் சிறு பிள்ளை ஆசிரியரைப் பின்பற்றுவதிலும், தன்னைவிடச் சற்றே முன்னிற்கும் தோழனைப் பின்பற்றுவது எளிது. வாங்குகளில் யாரை யாரருகில் இருத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டியதில்லை.

பாடம் எடுக்கும் முறையைக் கூறிவருகையில், ஆசிரியர் தாமே விளக்கிக்கொண்டு போகாமல் இடையிடையே வினாவ வேண்டும், மாணாக்கர் தாமாகவே கண்டுபிடிக்க விட வேண்டும் என்கிறார். நாம் கற்பிப்பதன் நோக்கம் என்ன? அவர்களுக்கு எப்போதும் கற்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இல்லாமற் போவதன்றோ எனப் போகிற போக்கிலே கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார். வேறொருவராயின் இதற்குத் தனி அதிகாரமே எழுதியிருப்பார். மாணாக்கர் தம்மையே நம்பியிருப்பதைத் தம் புகழாகக் கருதும் ஆசிரியர் உண்டு. ஆசிரியர் சொன்ன குறிப்பையன்றி ஒரு சொல்லும் எழுதத் துணியாத மாணாக்கர் பல்கலைக்கழகம் வரை வந்துவிடுவதும் உண்டு. குறிப்பு உரைத்து எழுதுவித்தல் எளிது; நேரமும் மிஞ்சும். பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை வாய் திறவாது காத்திருத்தல் அனுபவம் மிக்கவருக்கும் கடினம். அந்த நடையை நினைத்துக்கொண்டால் இதுவும் விளங்கும். அடியைக் குறுக்கிக் கையைக் கொடுத்தவர், ஒருநாள் கையை விடவும் வேண்டும்.

இந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் குயின்றிலியனுக்கு நேர்ந்ததை ஆறாம் பாகத்தின் முன்னுரை சொல்கிறது. பத்தொன்பது வயது நிறையுமுன்னரே அவருடைய மனைவி இரண்டு ஆண்மக்களை விட்டு இறந்தார். இளைய மகன் ஐந்து வயதைக் கடந்ததும் இறந்தான். எஞ்சிய மூத்த மகன்மீது அவர் தம் நம்பிக்கை முழுவதையும் வைத்திருந்தார்; எழுதும் நூலையும் அவனுக்கு விட்டுச்செல்லும் முதுசமாகவே கருதினார். அவனும் பத்தாம் வயதில் அடியெடுத்து வைத்தபோது நோயுற்று, எட்டு மாதம் கிடந்து மாண்டான். காய்ச்சலில் அறிவு தடுமாறியபோதும் அப்பிள்ளையின் பிதற்றல் பாடசாலையையும் பாடங்களையும் பற்றியதாகவே இருந்ததென்று தந்தை எழுதியிருக்கிறார். அதன்பின் எழுத்தைத் தொடர்வதற்குத் தமக்கென ஒரு காரணமும் எஞ்சவில்லை, இனி இவ்வுழைப்பு பிறருக்கே பயன்பட வேண்டும் என்று சொல்லி, ஆறாம் பாகம் முதல் பன்னிரண்டாம் பாகம் வரை எழுதி முடித்தார்.

பிற்காலத்தில் அந்நூலின் முழுமையான படி ஐரோப்பாவில் நெடுங்காலம் காணப்படாதிருந்தது. சிதைந்த படிகளையே அறிஞர் வாசித்துவந்தனர். 1416இல் பொக்கியோ என்னும் இத்தாலிய அறிஞர், இன்றைய சுவிற்சர்லாந்திலுள்ள சென் கால் மடத்திலே, ஒரு கோபுரத்தின் அடியில் தூசி படிந்து கிடந்த முழுப்படியைக் கண்டெடுத்துத் தம் கையாலேயே படியெடுத்தார். நூல் மார்செல்லுசு என்னும் நண்பருக்கு, அவருடைய மகனின் கல்விக்கு உதவுமாறு, உரிமையாக்கப்பட்டது. கடைசிப் பாகத்தின் முடிவிலும் குயின்றிலியன் அந்த நண்பரையே விளித்து, கற்கும் இளைஞருக்கு இது பெரும்பயன் தராவிடினும், தாம் அதனினும் மிகுதியாக வேண்டுகின்ற நல்லெண்ணத்தையேனும் அவர்களுக்குத் தரும் என்று எழுதி நூலை முடித்திருக்கிறார்.